பெட்டிக்குள் போன சார்ஜர்

போன வருடம் கட்டாருக்கு வேலைக்குப் புறப்பட்டபோது, கையில் பாரம் வேண்டாமென்று பவர் பேங்கை மருதமுனை வீட்டிலேயே விட்டுவிட்டு, சார்ஜரைப் பெரிய பெட்டிக்குள் போட்டேன். உம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். "இடையில எறங்கினதும் என்னோட கதைங்க மகன்" என்றார்.

விமானம் மாறக் காத்திருந்த இடத்தில் போன் அணைந்துவிட்டது. என் பழைய போனுக்குப் பொருந்தும் வயர் யாரிடமும் இல்லை. பக்கத்திலிருந்தவர் தன் போனைத் தந்தார். எனக்கு வீட்டு நம்பர் ஒன்றுகூட மனப்பாடமில்லை. எட்டு மணித்தியாலம் அப்படியே இருந்தேன்.

தோஹாவில் பெட்டி கிடைத்து, போனைச் சார்ஜில் போட்டதும் என் மூத்த சகோதரி ராத்தா அழைத்தார்.

"உம்மா மௌத்தாகிட்டாங்க, உசிர் போயிட்டு. ஒன்னோட கதைக்கணுமெண்டு கேட்டுக்கேட்டே இருந்தாங்க. ஒன்ட போன் ஏன் வேலை செய்யல்ல?"

இப்போது சார்ஜரைக் கைப்பையில்தான் வைக்கிறேன். நம்பர்களையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இடையில் இறங்கியதும் முதலில் ராத்தாவுக்குத்தான் அழைக்கிறேன்.