டிரைவரோட வலது கன்னம்

அன்னிக்கு ஒரு நாளுதான் நான் அந்த லாரி டிரைவருக்கு கிளீனர். ஹார்பர் கேட்டாண்ட கன்டெய்னர் லாரிங்க ஊர்ந்துகினு இருந்துச்சு. ஜன்னல் வெயில் பட்டுப் பட்டு டிரைவருக்கு வலது கன்னம் மட்டும் திட்டுத் திட்டா கருத்துப் போயிருந்துச்சு. லாரி நிக்கும்போதெல்லாம் பேரில்லாத டியூப்புலேர்ந்து வெள்ளையாக்குற கிரீமு எடுத்துப் பூசுவாரு.

"இன்னா மாமு, பாதிக்கு மட்டும் பெயின்ட்டா?"

"நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறேன்டா."

கன்னம் செவந்து தோலு உரிஞ்சு கீது, கண்ணுல தண்ணி. "எரியுதுனா வுடு மாமு!"

"எரிஞ்சாதான்டா வேல செய்யுது." மறுபடி பிதுக்குனாரு.

டியூப்பப் புடுங்கி வெளிய வீசிட்டேன். அடிக்கக் கை ஓங்குனாரு. பின்னாடி ஹாரன் கேக்கவும் கியர் போட்டாரு.

கொஞ்ச தூரம் போயி லாரி மறுபடி நின்னுச்சு. இடது கன்னத்தத் தொட்டு, "இந்தப் பக்கம் மட்டும் தெரியிற மாதிரி உக்காந்தா போதும்ல?"ன்னாரு.

அதுக்கப்பறம் நான் அவரப் பாக்கவே இல்ல. பொண்ணு எந்தப் பக்கம் வந்து நின்னுச்சோ, இன்னும் யோசிச்சுகினு கீறேன்.