லாச்சப்பலில் நடந்து வாசித்த ட்ரம்பெட்

1988 ஒக்டோபரில் லண்டனிலிருந்து பாரிசுக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல. "அக்கா, இந்த ஞாயிறும் சரிவரேல்லையெண்டால் ட்ரம்பெட்டை விட்டிடுவன்" என்று சின்னம்மாவின் மகன் அமலன் தொலைபேசியில் சொன்னான். மன்னாரில் எங்கள் மாதா கோயில் பாண்டில் பன்னிரண்டு வருடம் வாசித்தவன், பாரிசில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். பாரிசின் லாச்சப்பல் பகுதியில் ஒரு ஜாஸ் கிளப், ஞாயிறு பிற்பகல்களில் வெளியாட்களையும் மேடையேற்றும். அவன் இரண்டு ஞாயிறு ஏறினான். இரண்டு முறையும் நாலு சுரத்தோடு மூச்சடைத்து இறங்கிவிட்டான்.

அவன் இருந்தது பாரிசுக்கு வெளியே, சார்செலில். 1.40 ரயில், டிக்கெட் 13 பிராங், கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிடம். அங்கிருந்து லாச்சப்பலுக்கு எண்ணூறு மீற்றர் நடை. அப்போது அங்கே தமிழ்க் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு கடையில் எட்டு பிராங்குக்கு இரண்டு ரோல்ஸ் வாங்கினேன். அமலன் தொடவில்லை. இரண்டையும் நானே சாப்பிட்டேன், வீணாக்குவானேன்?

கிளப் நிலத்துக்குக் கீழே. நுழைவு 25 பிராங், அதற்குள் ஒரு குளிர்பானமும் உண்டு. சுவர் நிறைய, போருக்குப் பின் அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினக் கலைஞர்களின் படங்கள். சொந்த நாட்டு மண்டபங்களில் பின்கதவால் நுழைந்த அந்த மேதைகளைப் பாரிஸ் முன்கதவால் வரவேற்றது என்று பெருமையாகச் சொன்னார்கள்.

அன்று ட்ரம் அடித்தவர் நியூ ஓர்லியன்ஸ்காரர், பருத்த, சிரித்த முகமுள்ள மனிதர். தன் ஊரில் பித்தளை வாத்தியக்காரர்கள் பிரேதத்தோடு மெதுவாக வாசித்துக்கொண்டு நடப்பார்கள், அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலாக வாசிப்பார்கள், அந்தத் தெருவில்தான் ஜாஸ் வளர்ந்தது என்று பிரெஞ்சில் சொன்னார். எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அமலன் பாதியில் நிறுத்தினான். "அக்கா, இது எங்கடை செத்தவீடு" என்றான். ஓம், துள்ளல் ஒன்றுதான் எங்களிடம் இல்லை.

மூன்றரைக்கு அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினான், ஊதினான். மூன்றாவது சுரத்தில் மூச்சு நின்றது. அப்போதுதான் உறைத்தது: இவன் ஊரில் ஒருநாளும் நின்று வாசித்ததே இல்லை. செத்தவீட்டிலிருந்து சேமக்காலைவரை, கல்லறை வாசல்வரை, பிரேதத்தோடு நடந்தே வாசித்தவன்.

"தம்பி, நட" என்றேன். "நடந்து வாசி."

மேடையை விட்டு இறங்கினான். எங்கள் செத்தவீட்டுப் பாட்டு, அதே மெதுவான நடையில், மேசைகளுக்கு நடுவே போனது. ட்ரம்காரர் ஒரு சிறிய மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். படியேறித் தெருவுக்கு வந்தோம். முப்பது பேராவது இருப்போம்.

ரோல்ஸ் கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். சத்தம் கேட்டதும் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டுக் கைகட்டி நின்றார். ஊரில் பிரேதம் போகும்போது செய்கிற மரியாதை. முச்சந்தியில் ட்ரம்காரர் திரும்பி நின்று துள்ளலாக அடித்தார். அமலன் இரண்டு முறை தடுமாறினான், மூன்றாவது முறை பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை.

கடைக்காரருக்குக் குழப்பம். "தங்கச்சி, ஆர் செத்தது? ஏன் இப்பிடிச் சந்தோசமா வாசிக்கினம்?"

"ஒருத்தரும் சாகேல்லை அண்ணை. என்ரை தம்பி ஜாஸ் வாசிக்கிறான்." சொல்லும்போதே நடுத்தெருவில் அழுதுவிட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

போக நினைப்பவர்களுக்கு: அந்தக் கிளப் இப்போது இல்லை. ஆனால் ஞாயிறு மேடைகள் பாரிசில் இன்னும் உண்டு, நேரத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். நேரத்தோடு போய்ப் பெயர் கொடுங்கள். நல்ல சப்பாத்துப் போடுங்கள், நடக்க வேண்டிவரலாம்.

அடுத்த ஞாயிறு இரவு அமலன் லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தான். "இண்டைக்கு ட்ரம்காரர் என்னை மேடைக்குக் கூப்பிடேல்லை அக்கா" என்றான். "ஏன் தம்பி?" என்றேன். "நான் போகேக்குள்ளையே மேளத்தைத் தோளிலை போட்டுக்கொண்டு ரோட்டிலை நிண்டவர்."