மார்லிஸ் அழிக்க மறந்த ஸ்னாப்ஷாட்

ஹெரன் பே கவுண்டி அலுவலகத்தில் நூற்று நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் மேசையிலும் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு திரை, ஒரு கீபோர்டு, சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். கம்ப்யூட்டர்கள் எல்லாம் கட்டடத்தின் அடித்தளத்தில், மூன்று பெரிய இயந்திரங்களுக்குள் உருவமில்லாமல் குடியிருக்கின்றன. காலையில் ஒருவர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால், மூலப் பிரதியிலிருந்து அவருக்கென்று ஒரு கம்ப்யூட்டர் புதிதாகப் பிறக்கும். மாலையில் அவர் லாக் அவுட் செய்ததும் அது செத்துப்போகும். தனிக் கோப்பறையில் சேமித்தது மட்டும் மிஞ்சும், மற்றதெல்லாம் போச்சு.

இந்தப் பிறப்பு இறப்புகளை மேய்த்துக்கொண்டிருந்தவள் மார்லிஸ் கெட்டுனென். வயது ஐம்பத்தொன்பது. வேடிக்கை என்னவென்றால், இதே கட்டடத்தில் இருபது வயதில் அவள் வேலைக்குச் சேர்ந்ததும் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில்தான், டைப்பிஸ்டாக. அந்த அறைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதுபோல் தள்ளி நின்றார்கள். மார்லிஸ் மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாண்ட்விச்சைக் கடித்தபடியே கூட வந்த புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்தாள். அன்றோடு அவள் தலைவிதி முடிவாகிவிட்டது. எந்த மாடியில் எந்த வயர் கழன்றாலும், “மார்லிஸைக் கூப்பிடு.”

இந்த உருவமில்லாத மெய்நிகர் கணினிகள் வந்ததும் அவள் ஒற்றைக்காலில் நின்றதால்தான். சுப்பீரியர் ஏரிக்கரையில், அலுவலகத்திலிருந்து பதினெட்டு மைல் தள்ளி அவள் வீடு. ஒவ்வொரு ஊர்க் கிளை அலுவலகத்திலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்க, பனியில் காரை ஓட்டிக்கொண்டு ஓடி ஓடி அலுத்துவிட்டாள். எல்லாவற்றையும் அடித்தளத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சரி பண்ணலாமே! “எல்லாம் சோம்பேறித்தனம்தான்,” என்று அவளே வாய்விட்டுச் சொல்வாள். அந்தச் சோம்பேறி தினமும் காலை ஆறரைக்கு முதல் ஆளாக வந்து விளக்கைப் போடுவாள் என்பது வேறு விஷயம்.

அவளுடைய சாம்ராஜ்யத்தில் இரண்டு சட்டங்கள். ஒன்று, போகும்போது லாக் அவுட் பண்ண வேண்டும். இரண்டு, எதையும் தொடுவதற்கு முன் ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும். ஒரு மெய்நிகர் கணினி இந்த நொடியில் எப்படி இருக்கிறதோ அதை அப்படியே பிடித்து வைப்பதுதான் ஸ்னாப்ஷாட். வேலை சொதப்பினால் அந்த நொடிக்கே திரும்பிப் போய்விடலாம். ஆனால் அதை அழிக்காமல் விட்டால் நாளுக்கு நாள் ஊதிப் பெருத்து இடத்தையெல்லாம் தின்றுவிடும். அதனால் மூன்று நாளுக்குள் அழித்தாக வேண்டும். மறந்தவர் பெயர் சுவரிலிருக்கும் வெள்ளைப் பலகையில் ஏறும். அவர் திங்கட்கிழமை ஒரு தட்டு நிறைய பார்ஸ் என்ற இனிப்புப் பலகாரம் சுட்டு, சதுரம் சதுரமாக வெட்டி எடுத்துவர வேண்டும்.

பக்கத்து நாற்காலிக்காரி ரெனே டெஃபோ அந்தப் பலகையில் ஏழு முறை ஏறியவள். மார்லிஸ் பெயர் ஒரு முறைகூட ஏறியதில்லை. அதில் அவளுக்கு இருந்த கர்வத்தை ஏரியின் அக்கரையிலிருந்தே பார்க்கலாம்.

இரண்டாவது சட்டத்தை ரெனே மீறினாள் என்றால், முதல் சட்டத்துக்கு எமனாக வாய்த்தவன் ஓரின் ஹௌகன். பனி அள்ளும் பதினோரு லாரிகளுக்கும் மேஸ்திரி. அறுபத்து மூன்று வயது. எதைச் சாப்பிட்டாலும், எதைப் பார்த்தாலும், பேரன் பிறந்தபோதும்கூட அவன் வாயிலிருந்து வந்த உச்சகட்டப் பாராட்டு “மோசமில்ல” என்பதுதான்.

அவனுடைய சாலைப் பட்டியல் இருந்தது தொண்ணூற்றெட்டில் யாரோ எழுதிக் கொடுத்த ஒரு புரோகிராமில். எழுதியவன் அரிசோனாவுக்குப் போய் வெயில் காய்கிறான். புரோகிராமோ அந்தக் காலத்து கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்தது. அந்தக் கம்ப்யூட்டர் புகைந்து போவதற்கு ஒரு வாரம் முன்னால் மார்லிஸ் அதிலிருந்ததை அலுங்காமல் எடுத்து மெய்நிகர் கணினியாக்கிவிட்டாள். உடம்பு குப்பைக்குப் போனது. உயிர் அடித்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பனிப்புயலில் எந்த வீட்டுப் பாதையை முதலில் திறக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலில்தான் இருந்தது. வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்கள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், மாசமான பெண்கள். ஆனால் அந்தப் பழைய புரோகிராமில் எழுத்து எறும்பு மாதிரி. ஓரினுக்கோ கண் மங்கல். எனவே பட்டியலில் எதையாவது மாற்றினால், உடனே முழுவதையும் நகலெடுத்து, தன் திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டி, கட்டைவிரல் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்வான். அதை எங்கும் சேமிக்க மாட்டான். லாக் அவுட்டும் பண்ண மாட்டான். மாலையில் திரையை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

“பதினோரு வாரமா உன்னோடது ஒண்ணு மட்டும் சாகாம உயிரோட கெடக்கு, ஓரின்,” என்று ஜனவரியில் ஒரு நாள் மார்லிஸ் போனில் பிடித்துக்கொண்டாள். “ராத்திரி மூலப் பிரதியப் புதுசாக்கறேன், உனக்கு மட்டும் போய்ச் சேர மாட்டேங்குது.”

“எனக்கு எதுக்கு புதுசு? பழசு மோசமில்லையே.”

“வியாழக்கிழமைலேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு, ஒரு மணி நேரமா தொடாத எல்லாம் தானா லாக் அவுட் ஆயிடும். நான் விதி போட்டுட்டேன். அப்புறம் எங்கிட்ட அழாத.”

“நான் என்னிக்கு அழுதிருக்கேன், மகராசி? என் கண்ல தண்ணி வந்தா அது குளுருக்குத்தான்.”

அந்த வியாழக்கிழமைதான் பெரிய புயல் வருகிறது என்று வானிலைக்காரர்கள் சொன்னார்கள். இருபது அங்குலப் பனி. பிற்பகலில் ஓரின் கூப்பிட்டான்: லாரிக்காரர்களுக்குக் கொடுக்கப் பட்டியலை அச்சடிக்கப் பார்த்தால் பிரிண்டர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறதாம். மார்லிஸ் அந்தக் கிழக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பிரிண்டர் சங்கதியை நோண்டினாள். இரண்டு நிமிடத்தில் திரை நீலமாகி, அப்படியே உறைந்து நின்றது.

அவள் பதறவில்லை. தொடுவதற்கு முன் ஸ்னாப்ஷாட் எடுத்தோம் என்று கைக்கு அவ்வளவு நிச்சயம். ஆயிரம் முறை எடுத்த கை. ஸ்னாப்ஷாட் பட்டியலைத் திறந்தாள். “தொடுவதற்கு முன் – மார்லிஸ்” என்று ஒன்று இருந்தது. எல்லாவற்றுக்கும் அவள் அதே பெயரைத்தான் வைப்பாள். தேதியைப் பார்க்கவில்லை. இப்போதைய நிலை அழிந்துவிடும், பரவாயில்லையா என்று அது கேட்டது. பரவாயில்லை என்று அமுக்கினாள்.

கிழக் கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்தது. சரிபார்க்கலாம் என்று சாலைப் பட்டியலைத் திறந்தவளுக்கு, மூன்றாவது வரியிலேயே கை நின்றுவிட்டது.

“கெட்டுனென், எல்ராய். ஏரிச் சாலை 18. டயாலிசிஸ். முதலில்.”

எல்ராய் அவளுடைய கணவன். இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

ஸ்னாப்ஷாட்டின் தேதியை அப்போதுதான் பார்த்தாள். எல்ராயைக் கடைசி முறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்த செவ்வாய்க்கிழமை. எடுத்துவிட்டு, அழிப்பதற்குள் போன் வந்து ஓடியிருக்கிறாள். மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது அது நினைவிலேயே இல்லை. இன்று அவள் எதையும் எடுக்கவே இல்லை. அவளுக்கு எல்ராயின் பெயரைத் திரையில் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது; அந்த வரியின்படி அவன் இன்னும் உயிரோடிருந்தான். ஆனால் எல்ராய் இருக்கிறான் என்றால், இந்தப் பதினான்கு மாதத்தில் சேர்ந்தவர்கள் யாருமே இதில் இல்லை என்று அர்த்தம்.

“ரெனே, நான் ரோடு லிஸ்ட்ட அழிச்சிட்டேன்.”

ரெனே நாற்காலியோடு திரும்பினாள். “நீங்களா?”

“நானேதான். பேக்கப்?”

“அந்தக் கெழத்த நம்ம பேக்கப் சேத்துக்காதுன்னு போன வருஷமே சொன்னேனே, மார்லிஸ். ரொம்பப் பழசுன்னு தள்ளிடுச்சு.”

ஓரினைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை. அவன் தன் மேசையை விட்டு வெகு தள்ளி, வண்டிக் கொட்டகையில் லாரிகளுக்குப் பனி தள்ளும் பிளேடு மாட்டிக்கொண்டிருந்தான். போனில் சுத்தியல் சத்தம் கேட்டது. மார்லிஸ் சுற்றி வளைக்காமல் உள்ளதைச் சொன்னாள்.

“ஓரின், உன் லிஸ்ட் பதினாலு மாசம் பின்னாடி போயிடுச்சு. தப்பு என்னோடது. புதுசா சேந்தவங்க எத்தன பேர்?”

சுத்தியல் நின்றது. “பத்தொம்பது. பிர்ச் முனை ஹில்டா ஓயென் மொதல்ல. அவளுக்கு ஆக்ஸிஜன். அப்புறம்... பேர்ல பாதி ஞாபகம் இருக்கு, வீட்டு நம்பர் ஒண்ணும் நிக்காது. டிரைவர்ல நாலு பேர் இந்த வருஷம் வந்தவனுங்க, அவனுங்களுக்கு வீடும் தெரியாது.” ஒரு மூச்சு விட்டான். “அதுக்கென்ன, என் ஸ்கிரீன்ல இருக்கே. பெரிய எழுத்துல.”

“சேவ் பண்ணியா?”

“எதுக்கு? அது பாட்டுக்கு அங்க கெடக்கு.”

“கடைசியா அத எப்பத் தொட்ட?”

“மத்தியானம் ரெண்டு மணி இருக்கும்.”

மார்லிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு ஐம்பத்தாறு. ஐந்து மணிக்கு, ஒரு மணி நேரமாகத் தொடாத ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துக் கொல்லப்போகும் அந்த விதி அவளே போட்டது. போட்டதோடு நிற்காமல், யாரும் எளிதில் கழற்ற முடியாதபடி இரண்டாவது கடவுச்சொல் ஒன்றும் வைத்திருந்தாள்.

விதியை நிறுத்தப் போனாள். முதல் முறை கடவுச்சொல் தப்பு. இரண்டாவது முறையும் தப்பு.

“மூச்சு விடுங்க,” என்றாள் ரெனே. “கேப்ஸ் லாக் எரியுது பாருங்க.”

ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது விதி நின்றது. ஓரின் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தான். “என்ன, உயிரோட இருக்கா?” என்றான்.

“இருக்கு,” என்றாள் மார்லிஸ்.

அவன் அனுமதியோடு அவன் திரையைத் தன் மேசையிலிருந்தே திறந்தாள். எழுத்தா அது! ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதான் கொண்டது. முதலில் ஹில்டா ஓயென். பிறகு, மார்ச்சில் குழந்தை பிறக்கவிருக்கும் ஒருத்தி. வரி வரியாகப் பத்தொன்பது பேரையும் பழைய புரோகிராமில் ஏற்றினாள். ரெனே பக்கத்தில் நின்று எண்களைச் சரிபார்த்தாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, இந்த வரி வரும்வரை:

“கெட்டுனென். ஏரிச் சாலை 18. எல்ராய் இல்லை. இருந்தாலும் முதலில்தான்.”

போன குளிர்காலம் முழுக்க, இந்தக் குளிர்காலத்திலும், விடியற்காலை ஐந்து மணிக்குள் அவள் வீட்டுப் பாதை சுத்தமாக இருந்தது. ஆறரைக்கு அலுவலகத்தில் விளக்கைப் போட முடிந்ததே அதனால்தான். லாரி போகிற வழியில் நம் வீடு இருக்கிறது, அதிர்ஷ்டம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வேறெங்கும் போகிற லாரி எதுவும் அந்த வழியாகப் போகாது. ஏரிச் சாலையோ முட்டுச் சந்து.

ரெனே ஜன்னல் பக்கம் திரும்பி, பனி விழ ஆரம்பித்துவிட்டதா என்று அக்கறையாகப் பார்த்தாள். மார்லிஸ் மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு தன் வரியைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினாள். ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு முன்னால் போய் நிற்க அவளுக்கு என்ன உரிமை? பதினோரு பிரதி அச்சடிக்கக் கொடுத்தாள். பதினான்கு மாதம் பின்னால் போன அந்தக் கிழம் இப்போது பிரிண்டரோடு சண்டை போட்டதையே மறந்துவிட்டு, குழந்தை மாதிரி அச்சடித்தது. கிளம்பும் முன் வெள்ளைப் பலகைக்குப் போய்த் தன் பெயரைத் தானே எழுதினாள். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் எலுமிச்சை பார்ஸ் சுட்டாள். திங்கட்கிழமை வரை பொறுக்க அவளால் முடியவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்தாக இருபது நிமிடம். வெளியே இடுப்பளவு பனி. இன்று தானே மண்வெட்டியால் அள்ளிக்கொள்வது என்று மார்லிஸ் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது, பிளேடு தரையை உரசும் சத்தம் கேட்டது. மஞ்சள் விளக்கு சமையலறைச் சுவரில் சுழன்றது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

லாரிக் கண்ணாடி இறங்கியது. ஓட்டிவந்தது மேஸ்திரியேதான்.

“பிர்ச் முனை?” என்றாள் மார்லிஸ், முதல் கேள்வியாக.

“நாலேகாலுக்கே முடிச்சாச்சு. ஹில்டா காப்பி வேற கொடுத்தா.”

“லிஸ்ட்ல நான் கடைசில இருக்கேன், ஓரின். நானேதான் மாத்தினேன்.”

“அப்படியா? நீ அடிச்சு அனுப்பினியே, அதுல எழுத்து ஒரே எறும்பு. எனக்கு எங்க தெரியுது?” ஓரின் ஒரு பார்ஸ் துண்டை எடுத்து, கையுறையோடு வாயில் போட்டுக்கொண்டான். “நான் என் ஸ்கிரீன்ல உள்ளதப் பாத்து வந்தேன். அது இன்னும் அப்படியேதான் இருக்கு.”

“அப்ப நேத்தும் லாக் அவுட் பண்ணல.”

“பண்ணல.”

மார்லிஸ் தட்டை அப்படியே அவன் மடியில் வைத்துவிட்டாள். “எப்படி இருக்கு?”

ஓரின் மென்று விழுங்கினான். யோசித்தான். “நல்லாருக்கு,” என்றான்.

ஐந்து மணி விதி அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கவுண்டி முழுவதும் கறாராக அமலுக்கு வந்தது, நூற்று முப்பத்தொன்பது பேருக்கு.