பின்சீட்டின் விலை

என்னிடம் வேலை கொடுக்க வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. கொட்டேஷனைக் கையில் வாங்கியதும், "கம்பி கிலோ என்ன வெலைங்க, உங்க கூலி எவ்வளவுங்க?" என்று பிரித்துப் பிரித்துக் கேட்பார்கள். கணபதியில் முப்பது வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்குக் குழாய் இணைப்புகள் கடைந்து, மரை போட்டுத் தருவது என் தொழில். அந்த ரகத்து ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. "அப்ப வெறுங் கம்பிய வாங்கிட்டுப் போயி போருக்குள்ள உடுங்க" என்று ஒருவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், என் மனைவி கொண்டுவந்து நீட்டிய டூர் கம்பெனித் தாளை வாங்கியதும் முதலில் செய்தது அதைப் பிரித்துப் பார்த்ததுதான்.

பன்னிரண்டு நாள். கோயமுத்தூரிலிருந்து டெல்லிக்கு விமானம், அங்கே அவர்களே பைக் தருவார்கள். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் மெக்கானிக்கோடு ஒரு வேன். தங்கும் இடம், பெட்ரோல், பெர்மிட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மணாலிக்கு மேலே உள்ள கணவாய் வரை போய்ப் பனியை மிதித்துவிட்டு வரலாம். ஓட்டுகிறவர், பின்சீட்டில் உட்காருகிறவர் இருவருக்கும் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம்.

நான் பேனாவை எடுத்தேன். பெட்ரோல் இவ்வளவு, ரூம் வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு. பாதிகூட வரவில்லை. மீதி எதற்கு? முன்னால் போகிறவன் விசில் ஊதுவதற்கா? "நம்ம வண்டியிலயே போலாம் அம்மணி. எழுபதாயிரத்துல முடிச்சுக் காட்டறேன்" என்றேன்.

அவள் உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். என்னிடம் அதிகம் எதுவும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் ஊட்டிக்குக் கூட்டிப்போய், விடியற்காலையில் புல் மேல் படிந்திருந்த வெள்ளையைக் காட்டி, "இதுதான் பனி" என்று ஏமாற்றியிருக்கிறேன். அவள் அதைக் கையில் எடுத்தாள், விரல் நனைந்தது, அவ்வளவுதான். "நெசமான பனியப் பாக்கோணுமுங்க, உங்க வண்டியில உக்காந்து போயி" என்று அப்போதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதற்குக் கெடு வந்துவிட்டது. இடது முழங்கால் தேய்ந்துபோய், வருடக் கடைசிக்குள் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பைக் பின்சீட்டை மறந்துவிடச் சொன்னார். ஆக, அந்தக் கோடை விடுமுறையை விட்டால் வேறு கோடை இல்லை.

ஒத்திகைக்கு வால்பாறை போய் வந்தோம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். எனக்குப் பின்னால் உட்காரத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வளைவில் நான் எவ்வளவு சாய்கிறேனோ அவ்வளவு சாய்வாள், பேசமாட்டாள், தோளைப் பிடிக்கமாட்டாள். இருபத்தைந்து வருடமாக நான் வண்டியைச் சாய்ப்பதே அவள் எடையையும் சேர்த்துத்தான்.

என் திட்டத்தின் ரகசியம் என் கஸ்டமர் நோட்டு. திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் லாரி முதலாளிகள் இந்தியாவில் இல்லாத மாநிலம் கிடையாது. எல்லாரும் என்னிடம் சாமான் வாங்குகிறவர்கள். ஓசூர், ஹைதராபாத், நாக்பூர் என்று வரிசையாக நம்மாட்கள் வீடு இருக்கும்போது லாட்ஜுக்கு எதற்குக் காசு அழ வேண்டும்? ஃபோன் போட்டுச் சொன்னேன். "வாங்க வாங்க, நம்ம ஊடு இருக்கறப்ப என்னுங்க" என்றார்கள். பாதிச் செலவு அப்போதே மிச்சமானதாக நினைத்துக்கொண்டேன்.

விடிவதற்கு முன்பே கிளம்பி அவிநாசி ரோட்டில் ஏறினோம். அவளுக்கு இருபது நாள் லீவு. மத்தியானத்துக்குள் ஓசூர். அங்கே இரவு தங்கி மறுநாள் காலை கிளம்புவதாகப் பேச்சு. காலையில் இட்லி ஆனதும், "போயிட்டு வாரோமுங்க" என்று எழுந்தேன். "அதெப்படிங்க, மத்தியானத்துக்குக் கறி எடுக்கச் சொல்லிப்போட்டேன்" என்றார் வீட்டுக்காரர். கறி எடுத்த வீட்டிலிருந்து சாப்பிடாமல் கிளம்புவது எங்கள் பக்கம் அடித்துவிட்டுப் போவதற்குச் சமம். சாப்பிட்டோம். வாசலில் நின்று பேசினோம். பேச்சு முடிந்தபோது, அன்றைக்குத் தங்க வேண்டிய அனந்தபூர் போய்ச் சேர நேரமில்லை.

ஹைதராபாத்தில்தான் நான் சரியாக மாட்டினேன். ரிக் முதலாளியின் மனைவி காபி டம்ளரைக் கொடுத்துக்கொண்டே என் மனைவியிடம், "அக்கா, உங்க பொறந்த ஊடு என்ன கூட்டமுங்க?" என்று கேட்டார். எங்கள் பக்கம் இது வழக்கமான கேள்வி. கூட்டம் என்பது குலம்; ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை, வேறு பேச்சே இல்லை. இவள் சொன்னாள். உள்ளே ஃபோன் பேசிக்கொண்டிருந்த முதலாளி ஃபோனை வைத்துவிட்டு ஓடி வந்தார். "அப்ப நீங்க எனக்கு அக்காளாச்சே!"

அதுவரை நாங்கள் விருந்தாளி. அந்த நிமிஷத்திலிருந்து அது அவளுக்குப் பிறந்த வீடு. பிறந்த வீட்டிலிருந்து ஒரு பெண் ஒரே நாளில் கிளம்ப முடியாது, வெறுங்கையோடும் கிளம்ப முடியாது. நாட்டுக்கோழி தேடி ஆள் போனது. சேலை எடுக்கக் கடைக்குப் போனோம். அதே ஊரில் இன்னொரு பங்காளி இருந்தார். அவரைப் பார்க்காமல் போனால் வருத்தப்படுவார் என்றார்கள், பார்த்தோம். அவர் வீட்டிலும் ஒரு சேலை. நாமும் சும்மா இருக்க முடியுமா? ஸ்வீட் பாக்ஸ், பழம், ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஐந்நூறு ரூபாய். லாட்ஜில் தங்கியிருந்தால் ஆயிரத்து இருநூறோடு போயிருக்கும்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து நின்று, "இல்லீங்க, நாங்க கிளம்பியே ஆகோணும்" என்று கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. பட்டறையில் கஸ்டமரிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவனுக்கு, கறிச்சோற்றைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

நாக்பூரிலிருந்து கிளம்ப வேண்டிய காலை பதினோராவது நாள். அங்கேயும் கூட்டம் கேட்டு, அங்கேயும் ஒரு தம்பி கிடைத்து, அவர் பங்கும் சேர்ந்து சேலை ஐந்தாகியிருந்தது. மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டே அவள் வாய்க்கணக்காகச் சொன்னாள். "மேல போக இன்னும் அஞ்சு நாளு. அங்கிருந்து ஊடு வர ஒம்போது நாளு. நம்ம கையில பத்துதானுங்க இருக்கு."

வழி இல்லாமல் இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். மேலே போய்ப் பார்த்துவிட்டு, டெல்லியில் வண்டியை ரயிலில் போட்டுவிட்டு, நாங்கள் விமானத்தில் திரும்பியிருக்கலாம். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஏற்கெனவே செலவானதோடு அதையும் சேர்த்தால் டூர் கம்பெனி கேட்ட காசுக்கே வந்து நின்றது. அதற்கு அவர்களோடே போயிருக்கலாமே என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்றுதான் எனக்குக் கவலை. யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவள் நிச்சயம் கேட்டிருக்கமாட்டாள்.

"அப்ப திரும்பிடலாமா?" என்றேன்.

அவள் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். "செரீங்க" என்றாள்.

திரும்பும்போது யார் வீட்டுக்கும் போகவில்லை. ஹைதராபாத்தை ஹெல்மெட் கண்ணாடியைக்கூட ஏற்றாமல் திருடன் மாதிரி தாண்டினோம். லாட்ஜில் தங்கி, நேரத்துக்குக் கிளம்பி, ஐந்தே நாளில் வீடு வந்துவிட்டோம். இந்த வேகத்தைப் போகும்போது காட்டியிருந்தால் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தேன். பள்ளி திறந்ததும் அந்த ஐந்து சேலைகளையும் அவள் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு போனாள். "மணாலி போனீங்களாமே டீச்சர்?" என்று யாரோ கேட்டதாகவும், "இல்லீங்க, அண்ணந் தம்பி ஊட்டுக்குப் போயிட்டு வந்தோம்" என்று சொன்னதாகவும் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

டிசம்பரில் முழங்கால் ஆபரேஷன் நடந்தது. கம்பைப் பிடித்து நடந்து, பிறகு கம்பில்லாமல் நடந்து, மார்ச்சில் ஒருநாள் பழைய டூர் கம்பெனியின் புதிய தாளை மேஜை மேல் வைத்தாள். பணம் கட்டிய ரசீதும் கூடவே இருந்தது. அவள் சேமிப்பிலிருந்து கட்டியிருந்தாள்.

"உங்களுக்கு வண்டி. எனக்கு வேன்ல சீட்டுங்க."

பழக்கதோஷம், நான் மறுபடி பிரித்துத்தான் படித்தேன். பின்சீட்டுக்கு ஒரு ரேட், வேன் சீட்டுக்கு ஒரு ரேட். வேன் சீட் பன்னிரண்டாயிரம் அதிகம். இந்த முறை பேனாவை எடுக்கவில்லை.

டூர் எப்படி இருந்தது என்று கேட்டால், கொட்டேஷனில் போட்ட மாதிரியே இருந்தது. டீக்கு நின்றால் பதினைந்து நிமிஷம், விசில். போட்டோவுக்குப் பத்து நிமிஷம், விசில். ஓட்டியவர்களில் நான்தான் வயசாளி. என் வண்டியில் செயின் தளர்ந்தபோது மெக்கானிக் இறங்கி இறுக்கிக் கொடுத்துவிட்டு, நான் ஸ்பேனருக்குக் கை நீட்டியதைக் கவனிக்காத மாதிரி டூல் பெட்டியை மூடினான். எரிச்சலாக இருந்தது. ஆனால் சொன்ன ஊருக்குச் சொன்ன சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம், தினமும்.

மணாலி போய்ச் சேர வேண்டிய நாளில், வழியில் ஒரு தாபாவில் நிறுத்தியபோது எதிரே தமிழ்நாட்டு நம்பரோடு ஒரு ரிக் லாரி நின்றது. அதன் நிழலில் நான்கைந்து பேர் அடுப்பு மூட்டி ரசம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் வந்து ஒரு வாரமாக ரொட்டி தின்ற என்னைப் பிடித்து இழுத்தது. நான் ஃபோனில் பட்டறைக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்த தமிழைக் கேட்டு, அவர்களில் மூத்தவர் எழுந்து வந்துவிட்டார். வேன் பக்கத்தில் நின்றிருந்த இவளிடம்தான் முதலில் கேட்டார்.

"ஏனுங்க, நம்மூருங்களா? சோறு வெந்துருச்சு, ஒரு வாயி சாப்ட்டுப் போலாமுங்க. நீங்க எந்த ஊரு, என்ன கூட்டமுங்க?"

நான் ஃபோனை அணைத்தேன். அவளால் பொய் சொல்ல முடியாது. பள்ளியில் பையன்களுக்கு அரை மார்க் கூடுதலாகப் போடத் தெரியாதவள்.

"நாங்க கேரளாங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வருடக்கணக்கில் ஊர் ஊராகத் திரிகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? "செரீங்க, பாத்துப் போங்க. மேல குளுரு சாஸ்தி" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிப் போனார். விசில் ஊதியது. அவள் வேனில் ஏறி ஜன்னல் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் பத்து மணிவாக்கில் கணவாய்க்கு வந்துவிட்டோம். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி வெட்டி ஒதுக்கியிருந்தது. இருபது நிமிஷம் தந்திருந்தார்கள். அவள் இறங்கி, பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்து, இரண்டு கைகளாலும் பனியை அள்ளினாள். ஊட்டியில் ஆனது போல் உருகிவிடவில்லை, அப்படியே இருந்தது. அள்ளியதைக் கீழே போடவே இல்லை. கை மரத்துப்போகும் என்று சொன்னேன், காதில் வாங்கவில்லை.

விசில் ஊதியதும் அவளே முதலில் திரும்பினாள். வேன் கதவைப் பிடித்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டே, "போன வருசம் வந்திருந்தா உங்க பின்னாடியே உக்காந்து வந்திருப்பேனுங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. பால்காரர் இன்று வரவில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். மெக்கானிக் கை கொடுத்து அவளை ஏற்றிவிட்டான்.

இறக்கத்தில் வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவில் பழக்கத்தில் அவள் எடையையும் சேர்த்து வண்டியைச் சாய்த்தேன். தேவைக்கு மேல் சாய்ந்து, கால் ஊன்றி நிமிர்த்த வேண்டியதாயிற்று. பின்னால் வந்த வேன் ஹாரன் அடிக்காமல் நின்று காத்திருந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே செய்தேன்.