பூச்சி மருந்து கொடுத்த நாள்

பாப்பா தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. மலையாளத்து மலையில், சக்குபள்ளத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரே அறைதான், நானும் மனைவியும் அவளுமாக மூன்று பேரும் ஒரே பாயில் படுப்போம். தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுகிற சத்தத்துக்கு நடுவே அந்த நறநற கேட்கும். பாதி விழிப்பில் எனக்கு அது எங்கோ தூரத்தில் யாரோ சரளைக் கல்லில் நடந்து போவது போல இருக்கும். யார் போகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிடுவேன். காலையில் மறந்துபோகும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் விடிந்தது என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். கறுப்பு மூட்டம் வெள்ளை மூட்டமாக மாறும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஓர் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆட்களுக்கு சூப்பர்வைசர். டிரம்மில் தண்ணீர் நிறைப்பது, அளவு பார்த்து மருந்தை ஊற்றிக் கலக்குவது, மோட்டாரைப் போட்டுவிட்டு மலைச்சரிவில் ஓஸ் குழாயை இழுத்துக்கொண்டு போவது, இதுதான் என் பிழைப்பு. எங்கள் பேச்சில் மருந்து என்றால் அதுதான். “இன்னைக்கு மருந்து இருக்கா?” என்று ஒருவர் கேட்டால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று எவரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். ஒரு வீட்டில் யாரோ பூச்சி மருந்து குடித்துவிட்டார்கள் என்று சேதி வந்தால் அதற்கு மேல் விவரமும் கேட்பதில்லை. ஜீப் பிடிக்க ஓடுவார்கள். நானே இரண்டு முறை அப்படி ஓடியிருக்கிறேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போயும்விடும். ஆனால் போகும்போது எதையாவது உடைத்துவிட்டுத்தான் போகும்.

அன்று சாயங்காலம் நனைந்த கோழி மாதிரி வீட்டுக்குள் நுழைந்தேன். பாப்பா சுவர் ஓரத்தில் உட்கார்ந்து காரையைப் பெயர்த்துத் தின்றுகொண்டிருந்தாள். வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது, கைகால் எல்லாம் குச்சி. ஒரு கையால் தின்றபடி இன்னொரு கையால் பின்புறத்தைச் சொறிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம்.

“பிள்ள எலும்புந்தோலுமாக் கெடக்கு. மண்ணத் தின்னுது. நீ என்னதான் பாக்குற? நீயெல்லாம் ஒரு தாயா?”

என் மனைவியும் காலையிலேயே காய் எடுக்கப் போகிறவள்தான். பாப்பாவை அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் போய், நாள் முழுக்க ஏலச்செடியின் அடியில் குனிந்து கிடந்துவிட்டு, எனக்குக் கொஞ்சம் முன்னால்தான் வீட்டுக்கு வந்திருப்பாள். அது எனக்குத் தெரியாததல்ல. அவள் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

“சரி. நாளைக்கே இதுக்கு ஒரு முடிவு கட்டுறேன்.”

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மறுநாள் அவள் தூக்குச்சட்டியைக் கட்டி வைத்திருந்தாள். நான் வீம்புக்கு அதை எடுக்காமல் தோட்டத்துக்குப் போனேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் போனுக்கு ரேஞ்சு கிடைக்கும். பத்து, பதினோரு மணி இருக்கும். ஓஸில் ஓர் ஓட்டை. அதைக் கட்டுவதற்காகப் பாறைப் பக்கம் வந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவள்தான்.

“என்னங்க, பாப்பாவுக்குப் பூச்சி மருந்து குடுத்துட்டேன்.”

தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் குரல் விட்டு விட்டு வந்தது.

“நானும் சாப்ட்டேன். இனிமே நிம்மதியாத் தூங்குவோம். உங்களுக்கும்…”

அதோடு அறுந்துவிட்டது. அந்தக் குரலில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. ஒரு வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறவளின் குரல். முந்தின நாள் அவள் சொன்ன முடிவு எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும்.

திரும்பக் கூப்பிட்டேன். நீங்கள் அழைக்கும் ஆள் எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று மலையாளத்தில் ஒரு பெண் சொன்னாள். நூறு தடவை கேட்டுச் சலித்த வாசகம். அன்றைக்கு அதை யாரோ எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. ஓஸைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அந்த வழி இருபது நிமிஷ நடை. நான் எவ்வளவு நேரம் ஓடினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மஞ்சு இறங்கியிருந்தது, மூடுபனிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். இடுப்புக்குக் கீழே என் கால்களே எனக்குத் தெரியவில்லை. ஏலச்செடிகள் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நின்று, நான் கடக்கக் கடக்க ஈர இலைகளால் முகத்தைத் தடவின. கனவில் ஓடுகிறபோது கால் நகராதே, அப்படித்தான் இருந்தது. ஆனால் மரங்கள் நகர்ந்தன. ஒவ்வொரு நிழல்மரமும் வெள்ளைக்குள்ளிருந்து மெதுவாக வந்து, நின்று, பிறகு வெள்ளைக்குள்ளேயே போயிற்று. வழியில் ஒரு பசு குறுக்கே நின்றது. அதைக் கையெடுத்துக் கும்பிட்டு “வழி விடு தாயி” என்று அழுதேன். அது விலகியதா, நான் சுற்றிப் போனேனா, ஞாபகம் இல்லை. உண்மையிலேயே அங்கே ஒரு பசு நின்றதா என்பதுகூடச் சில நாள் சந்தேகமாக இருக்கிறது.

அந்த நேரத்தில் மனசு எதை எதையோ எடுத்துப் பார்க்கிறது. மலைக்குக் கீழே கம்பத்திலிருந்து கல்யாணமாகி வந்த முதல் வாரம், காலையில் கதவைத் திறந்தவள் மஞ்சைப் பார்த்துவிட்டு, “யாரு வீட்லங்க இப்பிடிப் பொகைய விட்ருக்காங்க?” என்று கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் கோபித்துக்கொண்டு புகைக்குள்ளேயே நடந்து போய், பத்தடியில் காணாமல் போனாள். ஓடும்போது எனக்கு அந்த முதுகுதான் தெரிந்தது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதே பத்தடி தூரம்.

கூடவே ஒரு பாட்டிலும் தெரிந்தது. வீட்டை ஒட்டிய துண்டு நிலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலமும் நான்கு மிளகுக்கொடியும் உண்டு. அதற்கு அடித்தது போக மீந்த மருந்தைக் குளியலறைச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே செருகி வைத்திருந்தேன். பிள்ளை இருக்கிற வீட்டில் இது எதற்கு என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அதில் பாதி இருந்ததா, கால்வாசி இருந்ததா? ஓடின வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன்.

தோட்டத்து வழியில் வந்தால் வீட்டின் பின்பக்கம்தான் முதலில் வரும். குளியலறை அங்கேதான். எக்கிக் கையை விட்டேன். பாட்டில் இருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. மூடிக்கும் கூரைக்கும் நடுவே சிலந்தி கட்டியிருந்த வலை என் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குலுக்கிப் பார்த்தேன். யாரும் தொடவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் தலையைத் தூக்கினேன். பின்வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பாப்பா. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது.

“அப்பா, எனக்கு இன்னொரு முட்டாயி” என்றாள் பாப்பா. உதட்டோரம் ஆரஞ்சு நிறத்தில் மாவு ஒட்டியிருந்தது.

என் மனைவி என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பாட்டிலைப் பார்த்தாள். பிறகு வழிப்போக்கனுக்கு விலாசம் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

“ஆசுபத்திரிக்குப் போனேன். பாத்துட்டு, சிஸ்டரு விரயாணுன்னுச்சு. வயித்துல பூச்சி. வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல சாப்பிடணுமாம், இல்லேன்னா ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கிட்டே இருக்குமாம். பாப்பாவுக்குக் குடுத்தேன், நானும் சாப்ட்டேன். உங்களுக்கும் ஒண்ணு வாங்கியாந்தேன்னு சொல்லத்தான் போன் போட்டேன்.”

மலையாளத்தில் சிஸ்டர் சொன்னதை எனக்காகத் தமிழில் சொல்லியிருக்கிறாள். வயிற்றுப் பூச்சிக்குக் கொடுப்பதும் பூச்சி மருந்து, செடிக்கு அடிப்பதும் பூச்சி மருந்து. கம்பத்தில் அவளும் இங்கே நானும் சின்ன வயதில் கசப்பு மருந்தை அந்தப் பெயரில்தான் குடித்திருக்கிறோம். நான் அதை மறந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

“குடுத்திருப்பேன்னு நெனச்சீங்களா?”

“பயந்துட்டேன் புள்ள.”

“பயந்திருந்தா மொதல்ல பிள்ளையத் தேடி உள்ள ஓடியாந்திருப்பீங்க. நீங்க பாட்டிலத் தேடிப் போனீங்க.” பாப்பாவை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். “இது பயமில்ல. நம்பிட்டீங்க.”

உள்ளே போய் ஒரு மாத்திரையைக் கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். “கடிச்சுச் சாப்பிடணும். முழுங்கக் கூடாது” என்றாள். சிலந்தி வலையும் சேறும் ஒட்டிய கையைப் பார்த்து, “கையக் கழுவிட்டு” என்று சேர்த்துக்கொண்டாள். நான் கையைக் கழுவிவிட்டுக் கடித்தேன். இனிப்பு, அதற்கு அடியில் சாக்கட்டி ருசி. மென்றுகொண்டே அழுதேன். பெரிய ஆம்பளை ஒருவன் ஆரஞ்சு மாத்திரையை மென்றபடி அழுவதைப் பார்த்துப் பாப்பா சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பாய்விரிப்பு, போர்வை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் கிடந்தன. பாப்பாவின் நகத்தை வெட்டிவிட்டு என் கையையும் இழுத்து வைத்து வெட்டினாள். என் நகத்துக்குள் இருந்த அழுக்கைப் பார்த்தால் யார் யாருக்குக் கொடுத்தது என்று கேட்கவே வேண்டியதில்லை. ஓஸைப் பிடித்த கையோடு அப்படியே சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு, சாயங்காலம் அதே கையால் பிள்ளைக்கும் ஊட்டினவன் நான்தான். கட்டை விரலுக்கு வரும்போது சொல்லிவிட்டேன்.

“எனக்கும் அரிப்பு இருந்துச்சு. ரொம்ப நாளா.”

“தெரியும். ஒரே பாயிலதான படுக்கிறோம்.”

“சிஸ்டர் கேக்கலையா?”

“கேட்டுச்சு. வேற யாருக்கும் இல்லேன்னு சொன்னேன். அங்க போயி உங்க மானத்த எதுக்கு வாங்கணும்?”

மற்ற கையையும் அவளிடம் நீட்டினேன். தாயா என்று கேட்டவனின் மானத்தை மறுநாள் காலையில் கட்டிக் காப்பாற்றிவிட்டு வந்தவளைப் பற்றித்தான் நான் மலைச்சரிவு முழுக்க அப்படி நினைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை சாப்பிட வேண்டியிருந்தது. மாத்திரையைக் கையில் வைத்து, “விர குளிக” என்றாள், அச்சு அசல் மலையாளத்தில். விர என்றால் பூச்சி, குளிக என்றால் மாத்திரை. அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். என்னோடு சிரித்தாள், சமைத்தாள், சண்டையும் போட்டாள். தூக்குச்சட்டியில் எனக்குப் பிடித்த கத்திரிக்காயை வைத்தாள். பாட்டிலை நான் தோட்டத்து ஸ்டோரில் கொண்டுபோய் ஒப்படைத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. பூச்சி மருந்து என்ற தமிழ்ச் சொல்லை மட்டும் என் முன்னால் அவள் திரும்ப எடுக்கவே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அங்கன்வாடியில், பிறகு பள்ளிக்கூடத்தில், மாத்திரை கொடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் விர குளிக என்பாள், நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

ஒருமுறை குமுளிக்குப் போகிற பஸ்ஸில், பாப்பா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன். “அன்னைக்கு நடந்ததுக்கு என்னை மன்னிச்சிட்டியா?” அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்தாள். தேயிலைச் சரிவில் வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. “மஞ்சு எறங்குது” என்றாள். நான் பாப்பாவின் காது மேல் துண்டை இழுத்து விட்டேன். இன்னும்கூடச் சில நாள் தூக்கத்தில் அந்த வழியில் ஓடுகிறேன். கனவில் நான் வீட்டுக்கு வந்து சேர்வதில்லை. பின்பக்கமும் வராது, முன்பக்கமும் வராது.

பாப்பா இப்போது மூன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம். கன்னம் உப்பிவிட்டது, வாயும் நீண்டுவிட்டது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் மாத்திரை கொடுத்தார்களாம். இவள் விர குளிக என்று சொல்ல, டீச்சர் திருத்தியிருக்கிறார். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“ஏம்மா, இதுக்குத் தமிழ்ல பூச்சி மருந்தாம். நம்ம வீட்ல எல்லாம் தமிழ்லதான பேசுறோம்? இதுக்கு மட்டும் எதுக்கு மலையாளம்?”

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவள் பாப்பாவுக்கு இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றினாள். பிறகு என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

“உங்கப்பாவுக்குத் தமிழ் சரியா வெளங்காது தாயி. பயந்துருவாரு.”

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பயம் என்று சொன்னது அன்றைக்குத்தான்.