நாற்பத்தேழு சென்ட்

கெங்கம்மாள் மீது உறவுக்காரர்களுக்குச் சந்தேகம் வந்த நாளைத் துல்லியமாகச் சொல்லலாம். 1950இல் அவள் கணவன் இறந்த பதினாறாம் நாள். கருமாதிச் சோற்றுக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். கடன் வாங்கி இலை போட்டிருந்தால் உத்தமி என்றிருப்பார்கள். அந்தக் கடனுக்காக அவளும் கைக்குழந்தையும் எவன் வீட்டிலாவது மாடு மேய்த்துக் கிடந்திருந்தால், விதி என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டிருப்பார்கள். இலை போடாததால், "எங்கியோ முடிஞ்சி வச்சிக்கினு இருக்கா" என்றார்கள்.

இல்லாதவள் இல்லாததால்தான் செலவு செய்யவில்லை என்பது ஏனோ நம் ஆட்களுக்குப் பிடிபடுவதேயில்லை.

அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் திண்டிவனத்தில் நிலக்கடலை உடைக்கும் ஒரு மல்லாட்டை மில்லில் பருப்பு பொறுக்கினாள். நாள் கூலி எண்பத்தைந்து காசு. மதியத்துக்குக் கேப்பைக் கூழ். வெற்றிலை கிடையாது, சினிமா கிடையாது, மகளுக்குக் காதுகுத்து விருந்தும் கிடையாது. மாலையில் வாசல் தாண்டும்போது பெண்கள் வரிசையில் நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும். ஒரு பருப்பு விழுந்தாலும் அரை நாள் கூலி போயிற்று. கெங்கம்மாளின் மடியை மட்டும் இரண்டு முறை உதறச் சொல்வார்கள்.

சொல்கிறவன் தாண்டவராயன். மில்லில் எடை போடுபவன், முதலாளி விருத்தாசலத்தின் தூரத்து உறவு. மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். சட்டையோ விழுப்புரத்தில் தைத்த டெரிலின். மகன் காதுகுத்துக்கு மூன்று ஆடு வெட்டி, ஒலிபெருக்கி கட்டி, மில் முழுவதற்கும் சோறு போட்டான். ஐம்பது ரூபாயில் மூன்று ஆடு எப்படி வெட்டினான் என்று அந்தப் பந்தியில் உட்கார்ந்த ஒருவரும் கேட்கவில்லை. கை தாராளம் என்று புகழ்ந்துவிட்டு எழுந்து கை கழுவினார்கள். அவன் மடியை உதறச் சொல்ல அங்கே ஆளில்லை.

1962 ஜூலையில் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. ஒன்று, உடைத்த மல்லாட்டைக்கு வர வேண்டிய பருப்பு வரவில்லை, மாதக்கணக்கில் குறைகிறது. இன்னொன்று, கெங்கம்மாள் நிலம் வாங்கப் போகிறாள்.

விற்பவர் அமிர்தசாமி. மகளைப் புதுச்சேரியில் நர்ஸ் படிப்பில் சேர்க்க ஆகஸ்டு முதல் தேதிக்குள் அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆடி மாதத்தில் மற்றவர்கள் நிலம் வாங்கப் பயந்ததால் விலை இறங்கியிருந்தது. கெங்கம்மாள் அதற்கெல்லாம் பயப்படவில்லை. அரை ஏக்கர் கொல்லை, சென்ட் நாலு ரூபாய், மொத்தம் இருநூறு. கையில் நூற்று எண்பத்தெட்டு இருந்தது. வீட்டில் கேப்பை இருந்ததால் அடுத்த இரண்டு வாரக் கூலியை அப்படியே சேர்த்தால் சரியாக வந்துவிடும்.

கூலிக்காரிக்கு நிலமா? மில்லில் எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது.

விருத்தாசலம் தீர்ப்புச் சொன்னார். மேல்மலையனூர் அங்காளம்மன் சன்னதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தாண்டவராயன் தானாகவே முன்வந்து போன அமாவாசைக்கே அணைத்துவிட்டு வந்து, எல்லோருக்கும் குங்குமமும் பொரியும் கொடுத்திருந்தான். இனி அவள் முறை. சொந்தக் காசில் போனால்தான் சத்தியம் பலிக்கும் என்றும் முதலாளி சொன்னார்.

போகவர பஸ்ஸுக்கு இரண்டரை ரூபாய் ஆகும், அன்றைய கூலியும் போகும் என்று கெங்கம்மாள் கணக்குப் பார்த்தாள்.

"திருடலன்னு சொல்றதுக்கு நான் எதுக்குங்க நாலு நாள் கூலிய செலவு பண்ணணும்? இங்கியே சொல்றேன். திருடல."

பயந்துவிட்டாள் என்றார்கள். ஆடி அமாவாசை வரை மில்லுக்குள் வரக்கூடாது, சூடம் அணைத்த பிறகு வந்தால் போதும் என்று முதலாளி வெளியே அனுப்பினார். அமாவாசைக்குப் பதினான்கு நாள் இருந்தது. திருடி என்று பெயர் பரவிய பின் வேறு எவரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை.

பதிமூன்றாம் நாள், கூடப் பருப்பு பொறுக்கும் பாஞ்சாலியைத் தெருக்குழாயில் பார்த்தாள். முதலாளி இன்றைக்கும் பருப்பு குறைகிறதென்று கத்தினார் என்று பாஞ்சாலி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். கெங்கம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

அமாவாசை காலையில் அவள் மேல்மலையனூர் பஸ் ஏறவில்லை. மில் வாசலில் போய் நின்றாள்.

"மொதலாளி, நான் உள்ள வராத இந்தப் பதினாலு நாளும் பருப்பு சரியா வந்துச்சுங்களா?"

விருத்தாசலம் கணக்கு நோட்டைப் புரட்டினார். தராசுக்குப் பக்கத்திலிருந்து தாண்டவராயன் சிரித்தான்.

"வெளிய இருந்துக்கினே செய்வினை வச்சிருப்பா மாமா. இவளப் பத்தித் தெரியாதா?"

"செய்வினைக்கும் செலவாகும்ங்க," என்றாள் கெங்கம்மாள். "ஆடு கேப்பான், கோழி கேப்பான். ஆடு வெட்டுற வசதி இந்த மில்லுல எனக்கா இருக்குது?"

பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை. மூன்று ஆடுகளை அப்போதுதான் அவர் எண்ணியிருக்க வேண்டும். விழுப்புரம் வியாபாரிக்குப் போக வண்டியில் ஏறியிருந்த மூட்டை ஒன்றை இறக்கி மறுபடி எடை போடச் சொன்னார். சீட்டில் எழுதியதைவிட நாலு கிலோ கூடுதல். அடுத்த மூட்டையிலும் அப்படியே. கூடுதல் பருப்புக்கான பணத்தை வியாபாரியும் தாண்டவராயனும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவனைப் போலீசுக்கு அனுப்பவில்லை. உறவாயிற்றே. உடம்பு சரியில்லை என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். பொய்ச் சத்தியம் செய்த அவன் குடும்பம், எனக்குத் தெரிந்தவரை, நன்றாகத்தான் இருக்கிறது. சத்தியமே செய்யாதவளுக்குத்தான் பதினான்கு நாள் கூலி போனது. அதை அவள் கேட்டபோது, வேலை செய்யாத நாளுக்கு ஏது கூலி என்று விருத்தாசலம் கேட்டார். நாளையிலிருந்து வா என்றார், பெரிய மனது பண்ணியதுபோல.

மறுநாள் பத்திர ஆபீசில் அமிர்தசாமி கணக்குப் பார்த்தார். பன்னிரண்டு ரூபாய் குறைந்தது. நல்ல மனிதர்.

"அப்புறமா குடு தங்கச்சி. நீ எங்க ஓடிடப் போற?"

பன்னிரண்டு வருடமாகக் கெங்கம்மாள் ஒருவரிடமும் வாங்காத கடன்.

"வேணாங்கண்ணா. இருக்கிற காசுக்கு எவ்ளோ வருமோ அவ்ளோ அளந்து குடுங்க."

நாற்பத்தேழு சென்ட் பதிவாயிற்று. மீதி மூன்று சென்ட்டை வேறொருவர் வாங்கினார். அந்த இடத்தில் எல்லை கொல்லைக்குள் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, முனையில் ஒரு எல்லைக்கல் நிற்கிறது. ஊர் அந்தக் கல்லையும் சும்மா விடவில்லை. அதனடியில் ஏதோ புதைத்திருக்கிறாள், இல்லாவிட்டால் மூன்று சென்ட்டை எவளாவது விடுவாளா என்று போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

போன தையில் மல்லாட்டைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவளிடம் அந்தக் கல்லைப் பற்றி நானே கேட்டேன். அவள் நிமிராமல் கல்லுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதுங்களா? அது என்னோட பதினாலு நாளு."