நகரித் தறிக்கொட்டகையில் ஒரு அமெரிக்க எம்.பி.

டடக்... டடக்... டடக்...

விசைத்தறிக் கொட்டகைக்குள் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். கூடவே கஞ்சி போட்ட நூலின் வாசனை. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி என்றால் இன்றும் எனக்கு அந்தச் சத்தமும் வாசனையும்தான்.

அப்போது திருப்பதியில் ஒரு டிராவல்ஸில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் கூடவே போய் மொழிபெயர்க்க வேண்டும். ஒருநாள் ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் உயரமான, தலை நரைத்த அமெரிக்கர் ஒருவர் வந்து இறங்கினார். அந்த நாட்டு எம்.பி. அங்கே காங்கிரஸ்மேன் என்பார்களாம். ஒரே தொகுதியில் முப்பது வருடத்துக்கும் மேல்! அந்தத் தொகுதியில் டாக்டராக இருந்த நம் நகரிக்காரர், தன் ஊரைக் காட்ட அவரை அழைத்து வந்திருந்தார்.

கொட்டகைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. தறிகள் நின்றன. பேச வழி பிறந்தது.

"காங்கிரஸ்மேன்னா... அமெரிக்காவுலயும் அந்தக் கட்சி கீதா?" என்றார் முதலாளி.

இல்லை என்று புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கொட்டகையே சிரித்தது.

அங்கே தறி ஓட்டிய கன்னியம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முந்தின முனிசிபல் தேர்தலில் கவுன்சிலருக்கு நின்று தோற்றவர். மறுபடியும் தேர்தல் வந்திருந்தது. நிற்கக் கூடாது என்று வீட்டில் ஒரே சண்டை.

"இவரு தோத்ததே இல்லியா? கேளும்மா."

கேட்டேன். காங்கிரஸ்மேன் ஒரு நூல் மூட்டைமேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

முதல் தேர்தலில் படுதோல்வியாம். சொந்தத் தெருவே ஓட்டுப் போடவில்லையாம். வெட்கப்பட்டு அப்பாவின் பேக்கரிக்கே திரும்பிப் போனார். ரொட்டி வாங்க வந்தவர்கள் அங்கேயும் விடவில்லை... சாக்கடை அடைப்பு, வராத பென்ஷன் என்று புலம்பினார்கள். பதவி இல்லாமலே ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அவற்றை முடித்துக் கொடுத்தார். அடுத்த தேர்தலில் ஜெயித்தவர், அதன்பின் தோற்கவே இல்லை. வாரக் கடைசியில் விமானம் பிடித்துத் தொகுதிக்கு வந்துவிடுவாராம். முன்னாள் ராணுவத்தினருக்கு ஆஸ்பத்திரி கொண்டுவந்ததைச் சொல்லும்போது அவர் முகமே மலர்ந்தது. மகள் வளர்ந்ததைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னபோது குரல் இறங்கியது.

அக்கா விடவில்லை.

"இத்தினி வருசம் அவரே குந்திக்கினு கீறாரே, மத்தவங்க எப்போ வர்றது?"

இதை எப்படிச் சொல்வது? நான் விழித்தேன். "என்ன கேட்டாங்க? அப்படியே சொல்லு" என்றார் அவர். சொன்னேன்.

 அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "இதை என் முகத்துக்கு நேரா யாருமே கேட்டதில்ல. இந்தம்மா எலக்‌ஷன்ல நிக்கணும்!"

நான் தமிழில் சொன்னதும் அக்காவின் கணவர் பக்கத்துத் தறியிலிருந்து குரல் கொடுத்தார்.

"சார், நீங்க பிளேன் ஏறிப் பூடுவீங்க. தோத்தா தெருவுல நாங்க தலைகாட்டணுமே!"

அக்கா திரும்பினார். "நா தலைகாட்டிக்கினுதானே கீறேன்? போன தபா தோத்தும் தெனம் தறிக்கு வரலியா?"

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கரண்ட் வந்தது... டடக் டடக். எல்லார் பேச்சும் அதோடு முடிந்தது.

அந்த வாரமே கன்னியம்மா அக்கா நாமினேஷன் போட்டார். கூடப் போனவர் யார் தெரியுமா? கணவர்தான்! அக்கா ஜெயித்தார். வெற்றி ஊர்வலத்தில் அவரைவிடக் கணவர்தான் அதிகம் ஆடினார் என்று கேள்வி.

மறுவருடம் டாக்டர் போன் செய்தார். காங்கிரஸ்மேன் இனி நிற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டாராம். நகரியில் கேட்ட கேள்விதான் காரணமா என்று தெரியாது. ஆனால் தன் கடைசிக் கூட்டத்தில் அதைச் சொல்லிச் சிரித்தாராம். இப்போது பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து ரொட்டி சுடுகிறார். கையெல்லாம் மாவோடு ஒரு போட்டோ வந்தது. எம்.பி.யாக இருந்தபோதைவிட இளமையாகத் தெரிந்தார்.

போன தேர்தலில் எனக்கும் ஒரு வேட்பாளர் போன் செய்தார். "வணக்கம்! நான் உங்கள்..." என்று கம்பீரமான குரல். சந்தோஷமாக, "சார், எங்க தெருவுல ஒரு வாரமா தண்ணி வரல" என்றேன்.

அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார்... ரெக்கார்டிங்.

அது முடியும்வரை நானும் என் தெருவைப் பற்றிச் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.